ஜிப்சியா, பழைய தாரா? மண் பாதை உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

பழைய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும்) வண்டி ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் ஊர் ஊராகத் தேடி, கடைசியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். ஒன்று மாருதி ஜிப்சி. மற்றது 2010 முதல் 2020 வரை விற்ற பழைய மஹிந்திரா தார், அதிலும் சிஆர்டிஇ (காமன் ரெயில்) டீசல் எஞ்சின் உள்ளது. இரண்டும் தனிச் சேஸிஸில் கட்டிய வண்டிகள். இரண்டிலும் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு போக உதவும் கியர் அமைப்பு, உண்டு. விலையும் பல நேரம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால்தான் குழப்பம்.

"எது நல்ல வண்டி?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டுமே நல்ல வண்டிதான். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் வீட்டு வாசலிலிருந்து மண் பாதை தொடங்கும் இடம் எவ்வளவு தூரம்? தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கும், சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி ஜவ்வாது மலைக்கோ வால்பாறைக்கோ போகிறவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

## எதை வைத்து அளப்பது

தூரத்துக்கு அடுத்தபடியாக, வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது. தனியாகவோ நண்பர் ஒருவருடனோ போகிறீர்களா, பின் சீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்களா?

பிறகு, போகும் பாதை எப்படிப்பட்டது என்பது. ஈரக் களிமண், மணல், கற்பாதை, செங்குத்தான எஸ்டேட் ஏற்றம் என்று ஒவ்வொன்றும் வண்டியிடம் வெவ்வேறு வேலை வாங்கும். வண்டி நின்றுபோனால் கை வைக்க ஆள் இருக்கிறாரா, பாகம் கிடைக்குமா என்பது இன்னொன்று. கடைசியாக, ஆர்சியில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்பது. வாங்கும் அவசரத்தில் பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான்.

அளவுகளை ஒரே இடத்தில் பார்த்துவிடுவோம். ஜிப்சியில் 2000-க்குப் பின் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு) ஜிப்சி கிங்கையும், தாரில் சிஆர்டிஇ ஃபோர் வீலையும் எடுத்துக்கொள்கிறேன்.

| | ஜிப்சி கிங் எம்பிஎஃப்ஐ | தார் சிஆர்டிஇ |
|---|---|---|
| எஞ்சின் | 1298 சிசி பெட்ரோல் | 2498 சிசி டர்போ டீசல் |
| சக்தி | 80 குதிரைத்திறன் | 105 குதிரைத்திறன் |
| இழுவை (டார்க்) | 103 நியூட்டன் மீட்டர் | 247 நியூட்டன் மீட்டர் |
| எடை | சுமார் ஒரு டன் | ஒன்றரை டன்னுக்கு மேல் |
| அகலம் | 1540 மி.மீ. | 1726 மி.மீ. |
| முன் சஸ்பென்ஷன் | கட்டை ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு), பட்டை (லீஃப் ஸ்பிரிங்) | தனித்தனி, டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) |
| பின் சஸ்பென்ஷன் | கட்டை ஆக்ஸில், பட்டை | கட்டை ஆக்ஸில், பட்டை |
| டீசல்/பெட்ரோல் டேங்க் | 40 லிட்டர் | 60 லிட்டர் |
| ஏர்பேக் | இல்லை | இல்லை |

## எஞ்சின்

அட்டவணையில் குதிரைத்திறன் வரியை விட்டுவிட்டு இழுவை வரியைப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல். தாரின் டீசல் எஞ்சின் அடி வேகத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் லோவில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் போதும், வண்டி நடந்து ஏறும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய தைரியம்.

ஜிப்சியின் பெட்ரோல் எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் தயங்கினால் எஞ்சின் அணைந்துவிடும். ஆனால் வண்டி ஒரு டன்தான் என்பதால், எஞ்சின் சுற்றும்போது அதன் துள்ளல் தாரில் கிடைக்காது. ஜிப்சியின் எஞ்சின் மாருதி எஸ்டீம் காரில் வந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எளிய எஞ்சின், நன்றாகப் பராமரித்தால் நீண்ட காலம் உழைக்கும்.

பழைய ஜிப்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1985 இறுதியில் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி எஞ்சின், 45 குதிரைத்திறன். 1993-ல் சக்கர இடைவெளியை அகலப்படுத்தினார்கள். 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்சி கிங் வந்தது, அப்போது கார்புரேட்டர்தான். பழைய வண்டி மீதுள்ள பிரியத்துக்காக வாங்குவதானால் முதல் ஜிப்சியை வாங்குங்கள். மலை ஏறுவதற்கென்றால் எம்பிஎஃப்ஐ வந்த பிறகானதை மட்டும் தேடுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். அதற்கேற்ப எம்பிஎஃப்ஐ தன்னைச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டரால் முடியாது.

## சேறும் பாறையும்

ஈர மண்ணில் எடைதான் எதிரி. தார் அமிழும் இடத்தில் ஜிப்சி மேலாகக் கடந்துவிடும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளி வெளியே கொண்டுவரலாம். ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியதும், ரந்தம்பூர், கார்பெட் போன்ற புலிகள் காப்பகங்களில் சஃபாரிக்கு இது நிலைத்ததும் சும்மா நடக்கவில்லை. எஸ்டேட் பாதைகளின் குறுகலில் இந்த 1540 மி.மீ. அகலம் பெரிய வரம். எதிரே ஒரு பைக் வந்தால் ஒதுங்க இடம் இருக்கும். இரண்டு தேயிலைப் புதர் வரிசைகளுக்கு நடுவே தாரைத் திருப்புவதற்கு நீங்கள் முன்னும் பின்னுமாக நகர்த்தும் நேரத்தில் ஜிப்சி திரும்பிப் போய்விட்டிருக்கும்.

பாறையில் கதை கொஞ்சம் மாறுகிறது. ஜிப்சியின் முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரம் அதற்கேற்ப இறங்கி மண்ணைத் தேடும். தாரின் முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன, அவற்றின் ஏற்ற இறக்கம் குறைவு. குழிகள் எதிரெதிராக வரும் இடத்தில் ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கே டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) எல்லா சுழற்சியையும் கொடுத்துவிடும், வண்டி நகராது.

இதற்கு மஹிந்திரா 2015-ல் மருந்து கொடுத்தது. அந்த ஆண்டு வந்த புதுப்பிப்பில் சிஆர்டிஇ தாரின் பின் ஆக்ஸிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் சேர்ந்தது. இரண்டு பின் சக்கரங்களின் சுழற்சியில் வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் அது தானாகவே பூட்டிக்கொண்டு, தரையில் ஊன்றியிருக்கும் சக்கரத்துக்கும் இழுவையைத் தரும். ஓட்டுநர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. பழைய தார் வாங்குவதென்றால் 2015-க்குப் பிந்தையதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுக்கப் பயனாகும் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு முந்தைய தார் விலை மிகவும் இறங்கிக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஜிப்சியில் கம்பெனி லாக்கர் கிடையாது. அதன் எடைக் குறைவும் ஆக்ஸிலின் நெளிவும்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன.

## மெயின் ரோட்டில்

இங்கே போட்டி இல்லை, தார்தான். 60 லிட்டர் டேங்க், பவர் ஸ்டீயரிங், நெடுஞ்சாலை வேகத்தில் அலுக்காத எஞ்சின் எல்லாம் இருக்கின்றன. தொடக்க ஆண்டுத் தார்களில் ஏசி இல்லை, பிறகு வந்தவற்றில் கம்பெனி ஏசி உண்டு. கான்வாஸ் கூரையின் காற்றுச் சத்தம் இருக்கும், பின்புறம் தூக்கிப்போடும். ஆனாலும் நாள் முழுவதும் ஓட்டி மலையடிவாரம் வந்து சேரும்போது உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும்.

ஜிப்சியில் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் இல்லை, கம்பெனி ஏசியும் இல்லை. நான்கு மூலையிலும் பட்டை. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எஞ்சின் இரைச்சலும் ஸ்டீயரிங் அலைச்சலும் சேர்ந்து ஓட்டுநரைக் களைப்பாக்கும். பக்கத்தில் ஆம்னி பஸ் கடந்தால் வண்டி ஒருமுறை அசையும். பெட்ரோல் குடிப்பதும் அதிகம், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரைச் சுற்றித்தான் கிடைக்கும். 40 லிட்டர் டேங்க் என்பதால் அடிக்கடி பங்க் தேட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஜிப்சியில் ஏறுவது ஆனந்தம்தான். அதற்கு முன் சேலம் வரை வரும் பாதைதான் பாடு.

## பின் சீட்

இரண்டு வண்டியிலும் ஏர்பேக் இல்லை. இரண்டிலும் பின்புறம் பக்கவாட்டு பெஞ்ச் சீட்டுதான் பரவலாக இருக்கும். வண்டி சடாரென்று நின்றால் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பைத் தாங்க எதுவும் இல்லை. தாரில் ஏபிஎஸ் வந்ததே 2019-ல்தான், விற்பனை முடியும் தறுவாயில். ஜிப்சி பொதுமக்களுக்கு விற்பதை 2019-ல் நிறுத்தியதற்குப் புதிய பாதுகாப்பு விதிகள்தான் காரணம்.

அதனால் குழந்தைகளை வாரா வாரம் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்துக்கு இரண்டில் எதையும் நான் சொல்லமாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, இது இரண்டாவது வண்டியாக வருமானால் மட்டும் மேலே படியுங்கள்.

## வாங்கிய பின் வரும் செலவு

விற்பவர் சொல்லும் விலையை முழு விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்கை முதல் ஆண்டு வேலைகளுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் வண்டி தேடுங்கள். டயர், பேட்டரி, எல்லா ஆயில்கள், கிளட்ச், பிரேக், புஷ்கள் என்று பத்து ஆண்டு தாண்டிய எந்த ஃபோர் வீலும் இதைக் கேட்கும்.

துருதான் இரண்டுக்கும் பொதுவான நோய். எஞ்சினை இறக்கிச் சரிசெய்துவிடலாம். சேஸிஸ் அரித்துப்போன வண்டியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியா, கடற்கரை மணலில் விளையாடிய வண்டியா என்று விசாரியுங்கள். ஜிப்சியில் தரைத் தகடு, கதவுக்குக் கீழ் விளிம்பு, பட்டை சேஸிஸோடு சேரும் இடம் மூன்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே பட்டியும் பெயின்டும்தான் இருக்கின்றன. புதிதாக அடிச்சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, எதையோ மூடியிருப்பார்கள்.

ஜிப்சிக்கே உரிய செலவு முன் ஆக்ஸிலில் இருக்கிறது. கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தேய்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் ஆடும். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டைப் பகுதியில் ஆயிலும் கிரீஸும் வழிந்தால் சீல் போயிருக்கிறது. இவை பெரிய வேலைகள் இல்லை, ஆனால் ஜிப்சி தெரிந்த கை வேண்டும். எஞ்சின் பாகங்கள் எஸ்டீம் புண்ணியத்தில் இன்னும் ஓடுகின்றன. பாடி பாகங்களும் கண்ணாடி பீடிங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) பாகங்களும்தான் தேடவைக்கும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது இப்போது நாடு முழுவதும் வந்துவிட்டது. ஜிப்சி அதற்காகச் செய்த வண்டி இல்லை. பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் கேஸ்கட்டுகளும் வெடித்துக் கசியத் தொடங்கும். வாங்கிய வாரமே பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு தீ விபத்தில் முடியக்கூடியது, இதைத் தள்ளிப்போட வேண்டாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்கில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

தாரின் செலவு வேறு விதம். இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், டர்போ மூன்றும் நல்லபடியாக இருக்கும்வரை நிம்மதி. மூன்றில் ஒன்று போனால் ஜிப்சி எஞ்சினின் பெரும்பகுதி வேலையையே முடிக்கக்கூடிய தொகை ஆகலாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அமைப்பின் பக்கம் கையைக் காட்டும், நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. முன் சஸ்பென்ஷனில் பால் ஜாயின்ட்டும் ஆர்ம் புஷ்ஷும் தேயும், டார்ஷன் பார் தளர்ந்து முன்பக்கம் தாழ்ந்திருக்கும். சிலர் பாரை முறுக்கி வண்டியை உயர்த்தி வைத்திருப்பார்கள். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், ஆக்ஸில் இணைப்புகளை மூடும் ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும். தாருக்கு ஆதாயம் ஒன்று உண்டு: மஹிந்திரா மெக்கானிக் சின்ன ஊரிலும் இருக்கிறார்.

## மாற்றி அமைத்த வண்டிகள்

சந்தையில் இருக்கும் தார்களில் பாதிக்கு ஹார்ட் டாப், பெரிய டயர், வின்ச், இரும்பு பம்பர் எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றும். விற்பவர் அதற்கு லட்சக்கணக்கில் செலவழித்ததாகச் சொல்வார். அந்தச் செலவை நீங்கள் விலையில் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பழைய தார் சிஆர்டிஇ கம்பெனியிலிருந்து சாஃப்ட் டாப்பாகத்தான் வந்தது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்னால் பொருத்தும் இரும்புக் கார்டுகளுக்கு மத்திய அரசு 2017 இறுதியிலேயே தடை உத்தரவு போட்டது. எஃப்சிக்குப் போகும்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் இதைத்தான். பெரிய டயர் போட்டு ஓட்டிய வண்டியில் ஆக்ஸில், பேரிங், கிளட்ச் மூன்றும் முன்கூட்டியே களைத்திருக்கும். கம்பெனி அளவான 235/70 ஆர்16 டயரிலேயே நிற்கும் மங்கிய தாரை நான் தேர்ந்தெடுப்பேன்.

## காகிதம்

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த இலகு வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கினார்கள். பெரும்பாலான ஜிப்சிகள் இந்த வாசலைத் தாண்டிவிட்டன, அல்லது நெருங்குகின்றன. முதல் தார்களும் வந்து சேர்ந்துவிட்டன. புதுப்பித்து முடித்த ஜிப்சி கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அதுவே மேல்.

டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு இருக்கும் கட்டுப்பாடுகளால், அங்கிருந்து நல்ல தோற்றமுள்ள தார்கள் குறைந்த விலைக்குத் தெற்கே வந்திருக்கின்றன. விலை கவரும். என்ஓசி, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வேலை முடியும்வரை அலைச்சல் உங்களுடையது. ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சி என்றால் ஏலக் காகிதங்கள் முழுமையாக இருந்து, ஆர்சியும் எடுத்து முடித்திருக்க வேண்டும். "ஆர்சி பிறகு எடுத்துக்கலாம் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

## யாருக்கு எது

தோட்டத்திலோ எஸ்டேட் பக்கமோ குடியிருக்கிறீர்கள், மழைக்காலத்தில் சேறு, குறுகல் பாதை, ஒருநாளில் ஓடுவது கொஞ்சம்தான் என்றால் ஜிப்சி. மறுபேச்சே இல்லை. வண்டியில் தானே கை வைத்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கும் ஜிப்சிதான், போனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

நகரத்தில் இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி மலைக்குப் போகிறவருக்கு 2015-க்குப் பிந்தைய தார் சிஆர்டிஇ. பணம் இடம் கொடுத்தால் ஏபிஎஸ் உள்ள 2019 வண்டியைத் தேடுங்கள். கடைசிப் பதிப்பாக வந்த தார் 700-ஐ அதன் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஓட்டத்தில் அது மற்ற 2019 தார் போலத்தான்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், அதாவது மண் பாதை அரை நாள் தூரத்தில், ஆனால் தனியாகத்தான் போகிறீர்கள் என்றால் வண்டிப் பெயரை மறந்துவிட்டு, துரு இல்லாத சேஸிஸ் எதில் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

## பார்க்கப் போகும் நாளில்

ஃபோர் வீல் போடாமலேயே வருடக்கணக்கில் ஓடிய வண்டிகள் நிறைய. லீவர் இறுகியிருக்கும், முன் சக்கரம் இணையாது, விற்பவருக்கே அது தெரிந்திருக்காது. இரண்டு வண்டியிலும் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் காய்ந்த கெட்டிச் சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் கியர்களும் கிராஸ் ஜாயின்ட்டுகளும் முறுக்கிக்கொள்ளும். சோதனையை மண்ணிலோ சரளையிலோதான் செய்ய வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் லோவைப் போடச் சொல்லுங்கள். முதல் கியரில் மெதுவாக நகர்த்தும்போது வெளியே நின்று முன் சக்கரங்கள் இரண்டும் மண்ணைத் தள்ளுகின்றனவா என்று பாருங்கள். பிறகு நீங்களே உட்கார்ந்து லோவில் ஓர் இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறக்கிப் பாருங்கள். லீவர் தானாக வெளியே துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டுக்கொண்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.